பாமினியில் நின்றுபோன இணையத்தளம்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியை அண்டிய கிராமம் ஒன்றில் இயங்கும் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா, பனையோலைப் பெட்டிகள் ஆகியவற்றை விற்பதற்காக, 2013 ஆம் ஆண்டில், கனடாவில் இருக்கும் அவருடைய மாமாவின் மகன் ஓர் இணையத்தளத்தைச் செய்து கொடுத்தார். சங்க அலுவலகத்தின் வின்டோஸ் 7 கணினியில் அது இன்றும் ஒழுங்காகத் தெரிகிறது. முகப்பிலுள்ள குத்துவிளக்கின் சுடர்கூட அசைகிறது. ஆனால் கைபேசியில் திறப்பவர்களுக்குத் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன, ஐபோனில் மெனுச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, பக்கம் முழுதாக வர ஒரு நிமிடத்துக்கு மேலாகிறது. ஒடியல் மாவை அழுத்தினால் பனங்கட்டிக்கு ஓடர் போகிறது என்று இரண்டு பேர் முறையிட்டிருக்கிறார்கள். விலைப்பட்டியலை மாற்றிய பிறகும் ரொறன்ரோவில் இருக்கும் வாடிக்கையாளர் பழைய விலையையே பார்த்துக் காசு அனுப்பியதால், மிச்சக் காசைக் கேட்கச் சங்கத்தினர் கூச்சப்பட்டு நட்டத்தைத் தாங்கியிருக்கிறார்கள்.

ஆலோசனைகளும் பல வந்திருக்கின்றன. ஒரு நிறுவனம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்குப் புதிய தளம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒரு தொழினுட்பவியலாளர் தளம் தங்கியிருக்கும் சேவையகத்தைப் பெரிதாக்கச் சொல்கிறார். இன்னொருவர் பாமினி எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து அனுப்பினால் போதும் என்கிறார். உறவுக்காரப் பிள்ளை ஒருவர், எல்லோரையும் குரோம் உலாவி பாவிக்கச் சொல்லுங்கள் என்கிறார். “உறுப்பினர்களின் பங்குப் பணத்தில் கைவைப்பதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன் ஐயா. எங்கள் பகுதியில் சிக்னல் போதாததுதான் இதற்கெல்லாம் காரணமா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய முகவரியைப் பழைய அன்ட்ரொயிட் கைபேசி ஒன்றிலும், ஓர் ஐபோனிலும், புதிய கணினி ஒன்றிலும் திறந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். இப்போதைக்கு எவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதிய குறைகள் ஆறேழு வெவ்வேறு நோய்களாகத் தெரிந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. அந்த இடம் சிக்னலும் அல்ல, சேவையகமும் அல்ல. உங்கள் தளத்தின் எழுத்து.

எழுத்து ஏன் குலைகிறது

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த ஓர் எழுத்துரு. அதில் “அம்மா” என்று நீங்கள் தட்டெழுதும்போது, கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி நிறுவப்பட்ட கணினி அந்த ஐந்துக்கும் தமிழ் முகம் கொடுக்கிறது. நிறுவப்படாத கைபேசி உள்ளதை உள்ளபடியே காட்டுகிறது. ஆகவே குலைந்து தெரியும் கைபேசியில் பிழையேதும் இல்லை. உங்கள் அலுவலகக் கணினி மட்டுமே, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ நிறுவிவிட்டுப் போன எழுத்துருவின் தயவில், இல்லாத தமிழை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

தளத்தின் தலைப்பில் “தமிழ் தெரியாவிட்டால் இந்த எழுத்துருவைத் தரவிறக்குங்கள்” என்று ஓர் இணைப்பு வைத்திருக்கிறீர்கள். 2013 இல் அது நியாயமான வழியாக இருந்திருக்கலாம். இன்று கைபேசியில் பொருள் வாங்க வருபவர் எவரும் அதைச் செய்யப்போவதில்லை. பெரும்பாலான கைபேசிகள் அதற்கு இடம் கொடுப்பதும் இல்லை. குரோம் பாவிக்கச் சொல்வதிலும் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களில் வேறு இயந்திரத்துக்கு அனுமதி இருந்தாலும், ஐபோனில் நிறுவப்படும் குரோமும் உள்ளே அப்பிளின் சபாரி ஓடும் அதே வெப்கிற் இயந்திரத்தில்தான் ஓடுகிறது. பெயர் மாறுமே தவிர, பக்கத்தை வரையும் கை மாறாது.

பாமினியையே தளத்தோடு சேர்த்து அனுப்பலாம் என்ற யோசனையை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. அது ஒரு மாலை நேர வேலைதான், எழுத்தும் தெரியத் தொடங்கும். ஆனால் அடியில் இருப்பது தொடர்ந்தும் எம், கே, அரைப்புள்ளிதான். ரொறன்ரோவில் ஒருவர் கூகிளில் “புழுக்கொடியல்” என்று தேடினால் உங்கள் பக்கம் அவருக்கு அகப்படாது, ஏனென்றால் அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் இல்லை. வட்சப்பில் இணைப்பைப் பகிர்ந்தால் முன்காட்சியில் ஆங்கிலக் குப்பை வரும். பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதை எழுத்தெழுத்தாக ஆங்கிலத்தில் உளறும். விற்பதற்காக வைத்த தளத்தைத் தேடுபவரின் கண்ணிலிருந்து மறைத்து வைப்பதற்குச் சமமான இந்த ஒட்டுவேலையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

செய்ய வேண்டியது, பாமினியில் உள்ள அத்தனை பக்கங்களையும், தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இடம் ஒதுக்கியிருக்கும் உலகப் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவது. உங்களிடம் இருப்பவை பன்னிரண்டு பக்கங்களே. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றி முடித்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நான் கண்ட மூன்று பொறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பக்கத்திலுள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரியையும் மாற்றும் கருவியில் போட்டால் அவையும் தமிழ் எழுத்துகளாகக் குலைந்துவிடும். அவற்றை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு பார்க்கப்படாமல் தட்டெழுதுவது வழக்கம். அதனால் சில மாற்றிகள் “வெளிநாடு” என்பதில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளை ஔகாரம் என்று நினைத்து “வௌிநாடு” என்றும், “வெள்ளை” என்பதை “வௌ்ளை” என்றும் மாற்றிவிடுகின்றன. சில கணினிகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறு சிலவற்றில் எழுத்தோடு ஒரு புள்ளி வட்டம் ஒட்டிக்கொண்டு நிற்கும். தேடுபொறிக்கோ இவை வேறு வேறு சொற்கள். நமது பகுதிச் செய்தித் தளங்கள் சிலவற்றில்கூட இந்தப் பிழை வருடக்கணக்கில் திருத்தப்படாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். “வௌ”, “தௌ”, “கௌ” என்று ஒவ்வொன்றாகத் தேடி, மௌனம், பௌர்ணமி போன்ற உண்மையான ஔகாரங்களை விட்டுவிட்டு மற்றவற்றைத் திருத்துங்கள்.

மூன்றாவதில் நானே விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் தளத்தை மாற்றிக் கொடுத்தபோது, மாற்றிய பக்கங்களைப் பழைய வின்டோஸ் கணினியின் நோட்பாட்டில் ஒட்டிச் சேமித்தேன். பழைய நோட்பாட், நாம் சொல்லாவிட்டால், ஒருங்குறியில் சேமிக்காது. அது காட்டிய எச்சரிக்கையை வாசிக்காமல் “சரி” என்று அழுத்தினேன். அடுத்த நாள் திறந்தால் நாற்பது பக்கங்களிலும் கேள்விக்குறிகள் மட்டுமே இருந்தன. கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்ட தமிழை மீட்க வழியே இல்லை. முதற் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தட்டெழுதினேன். உங்கள் அலுவலகக் கணினியும் வின்டோஸ் 7 என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சேமிக்கும் பெட்டியில், ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள், பக்கத்தின் தலைப்பகுதியிலும் யூடிஎஃப்-8 என்று அறிவியுங்கள், எல்லாவற்றுக்கும் முன் முழுத் தளத்தையும் தரவிறக்கி ஒரு பென்ட்ரைவில் நகலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு எழுத்துரு எதையும் தளத்தோடு அனுப்ப வேண்டிய தேவையில்லை. அன்ட்ரொயிட், ஐபோன், வின்டோஸ் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வின்டோஸ் 7 இல்கூட லதா என்ற தமிழ் எழுத்துரு இருக்கிறது.

வேகம்: சிக்னல் எவ்வளவு, படங்கள் எவ்வளவு

உங்கள் பகுதியில் சிக்னல் பலவீனமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பக்கம் ரொறன்ரோவிலும் மெதுவாகத்தான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முகப்பில் ஒன்பது படங்கள் இருக்கின்றன. அளந்து பார்த்தேன், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மெகாபைட், மொத்தம் 36 மெகாபைட். செக்கனுக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் இது முழுதாக வர 72 செக்கன் ஆகும். ஒரு நிமிடத்துக்கு மேல் என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

“படங்களைச் சிறிதாக்கித்தான் போட்டிருக்கிறோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். திரையில் சிறிதாகத் தெரியும்படி அகலம் மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறதே தவிர, பைல் சிறிதாகவில்லை. கைபேசிக் கமெரா எடுத்த 4000 புள்ளி அகலப் படத்தை அப்படியே அனுப்பிவிட்டு, பார்ப்பவரின் உலாவியிடம் சுருக்கச் சொல்கிறோம். ஒரு சாதாரண கைபேசித் திரையின் அகலம் 1080 புள்ளிகள்தான். நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், தேவைக்குப் பதின்மூன்று மடங்குக்கு மேலான புள்ளிகளை வாடிக்கையாளரின் டேட்டாவில் இறக்குகிறோம். அந்த டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர் அவர். ஒவ்வொரு படத்தையும் 1080 புள்ளி அகலத்துக்குக் குறைத்து, வெப்பி வடிவிலோ 75 அளவிலான தரத்தில் ஜேபெக் வடிவிலோ சேமித்தால், பெரும்பாலும் 100 கிலோபைட் அளவுக்கு வந்துவிடும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி உலாவிக்குள்ளேயே இதைச் செய்து தரும்; உங்கள் பழைய கணினியில் அது ஓட மறுத்தால், பிள்ளைகள் யாருடைய மடிக்கணினியிலாவது செய்யுங்கள். ஒன்பது படமும் சேர்ந்து ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கினால், அதே சிக்னலில் இரண்டு செக்கனுக்குள் வந்து சேரும். கீழேயுள்ள படங்கள், வாசகர் அங்கே இறங்கி வரும்போது மட்டும் வரும்படி ஒரு சொல்லைச் சேர்க்கவும் முடியும். முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

எழுத்துதான் மூலம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இங்கே வருகிறது. விலைப்பட்டியல், முகப்புத் தலைப்பு, தொடர்பு விபரம் ஆகிய மூன்றும் உங்கள் தளத்தில் படங்களாக இருக்கின்றன. தமிழ் தெரியவில்லை என்ற முறைப்பாடு வந்தபோது யாரோ எழுத்தைப் படமாக்கிப் போட்டிருக்க வேண்டும். அதனால் பக்கம் கனத்தது. அதோடு, ஒவ்வொரு முறை விலை மாறும்போதும் புதிய படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றியிருக்கிறீர்கள். ஒருமுறை இறக்கிய படத்தை உலாவி தன்னிடம் வைத்துக்கொண்டு, அதே பெயர் கேட்கப்படும்போது திரும்ப இறக்காமல் எடுத்துக் காட்டும். அது வேகத்துக்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடுதான். ரொறன்ரோ வாடிக்கையாளர் கண்ட பழைய விலை அவருடைய கைபேசியில் தங்கியிருந்த பழைய படம். அவர் உங்களை ஏமாற்றவில்லை, நீங்களும் அவரை ஏமாற்றவில்லை. விலைகளை ஒருங்குறி எழுத்தில், சாதாரண அட்டவணையாகப் போட்டால் இந்தச் சிக்கல் அற்றுப்போகும். அதுவரை, ஒவ்வொரு முறையும் படத்துக்குத் திகதியோடு புதிய பெயர் கொடுங்கள். ஒவ்வொருவரிடமும் உலாவியைத் துப்புரவாக்கச் சொல்லித் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியதில்லை.

சேவையகத்தைப் பெரிதாக்குவது பற்றி: உங்கள் தளம் வெறும் பக்கங்களும் படங்களும் மட்டுமே கொண்டது. அதை அனுப்புவதற்கு இப்போதுள்ள சிறிய சேவையகமே தாராளம். அது அமெரிக்காவில் இருப்பதால் வன்னியிலிருந்து போய்வரும் ஒவ்வொரு கேள்விக்கும் கால் செக்கனளவு செலவாகலாம் என்பது உண்மை; அதைச் சிங்கப்பூருக்கு மாற்றினால் நமக்கு நெருங்கும். ஆனால் உங்களிடம் வாங்குபவர்கள் பெரும்பாலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தூரமாக்கி நம்மை நெருக்கமாக்குவதில் சங்கத்துக்கு இலாபமில்லை.

தோற்றக் குறைகள்

2013 இல் உங்கள் தளம் 960 புள்ளி அகல மேசைத்திரைக்கு வரையப்பட்டது. கைபேசி உலாவிக்கு வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால், அது 980 புள்ளி அகலத் திரை ஒன்று இருப்பதாகப் பாவனை செய்து, முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டும். வியூபோர்ட் எனப்படும் ஒற்றை வரியைத் தலைப்பகுதியில் சேர்த்தால் சுருக்குவது நிற்கும். ஆனால் அந்த வரியை மட்டும் சேர்த்துவிட்டு நிலையான அகலங்களை விட்டுவைத்தால் பக்கம் வலப்பக்கம் வழிந்து ஓடும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும்.

மெனு ஏறி நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு சொல்லுக்கும் நிலையான அகலமும் உயரமும் கொடுத்திருப்பது. “எம்மைத் தொடர்புகொள்ள” என்பது ஆங்கிலத்தின் சின்னப் பொத்தானுக்குள் அடங்கும் சொல் அல்ல. நமது எழுத்துகளில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால், வரி உயரம் எழுத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் “மூ”, “ணு” போன்றவற்றின் வால் வெட்டுப்படலாம். உயரத்தையும் அகலத்தையும் கட்டாமல், எழுத்து தன் இடத்தை எடுத்துக்கொள்ள விடச் சொல்லுங்கள்.

ஒடியல் மா கேட்டவருக்குப் பனங்கட்டி போன கதையில் வாடிக்கையாளரின் விரல்மீது குற்றமில்லை. படங்களுக்கு அகலத்தோடு உயரமும் பக்கத்தில் குறிக்கப்படாததால், படம் வந்து சேரும்வரை உலாவி அதற்கு இடம் ஒதுக்குவதில்லை. வந்தவுடன் கீழேயுள்ளதெல்லாம் சட்டென்று இறங்குகிறது. அவர் அழுத்தும் கணத்தில் பொத்தான் இடம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் என்ற இரண்டு எண்களையும் குறித்தால் இது தீரும்.

குத்துவிளக்கு பற்றி எழுத எனக்கு மனமில்லைதான். அது அசையும் படங்களுக்கான பழைய மென்பொருளான பிளாஷில் செய்யப்பட்டது. அடோபி நிறுவனம் பிளாஷை 2020 டிசம்பர் 31 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. உங்கள் அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் சுடர் எரியவில்லை. அது எரிவதே அந்தக் கணினியில் பழைய, பாதுகாப்பற்ற பிளாஷ் இன்னும் இருப்பதற்கு அடையாளம். வின்டோஸ் 7 க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொவ்ற் 2020 ஜனவரி 14 உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. சங்கத்தின் வங்கி அலுவல்களை அந்தக் கணினியில் செய்கிறீர்களானால் இன்றோடு நிறுத்துங்கள். விளக்கைச் சிறிய படமாக வையுங்கள்.

ஓடர் படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்கிறீர்கள். ஆனால் தளம் பாதுகாப்பான இணைப்பில் இயங்கவில்லை. 2018 ஜூலை முதல் குரோம் இத்தகைய தளங்களைப் “பாதுகாப்பற்றது” என்று குறித்துக் காட்டுகிறது. இணைப்பைப் பாதுகாப்பாக்குவதற்கு லெற்ஸ் என்கிரிப்ற் என்ற அமைப்பு வழங்கும் சான்றிதழ் இலவசம். உங்கள் சேவையகத்தார் அதைப் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். பிறர் உங்களை நம்பித் தரும் விபரங்கள் அவை.

புதிய தளமும் அதன் உரிமையும்

இரண்டரை இலட்சம் கேட்ட நிறுவனம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அட்டையில் பணம் செலுத்தும் வசதியும், இருப்புக் கணக்கும், ஓடர் பதிவும் வேண்டுமென்றால் அந்த வேலைக்கு விலை உண்டு. ஆனால் இப்போது உங்களுக்கு வருவது மாதத்தில் சில ஓடர்கள், அவையும் வட்சப்பில் உறுதியாகின்றன. பழைய தளத்தின் எழுத்தையும் படங்களையும் திருத்தி ஆறு மாதம் பார்த்தபின் அந்த முடிவை எடுங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல்நகரிலோ படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் கைகொடுத்தால், இரண்டு வார இறுதிகளில் முடியக்கூடிய வேலை இது. அவருக்கு உரிய கூலியைக் கொடுத்தே செய்வியுங்கள்.

நிறுவனத்திடமே போவதென்றால், தளம் ஒருங்குறியில் இருக்கும் என்பதையும், முழு நகலும் கடவுச்சொற்களும் சங்கத்திடம் ஒப்படைக்கப்படும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், உறுப்பினர் ஒருவரின் மலிவான கைபேசியில், மொபைல் டேட்டாவில், உங்கள் ஊரிலேயே திறந்து பாருங்கள். பக்கத்தின் வேகத்தை அளந்து புள்ளி போடும் கூகிளின் பேஜ்ஸ்பீட் இன்சைற்ஸ் கருவியிலும் சோதிக்கலாம், அது இலவசம். நூறு புள்ளி எடுக்க வேண்டுமென்று நிற்காதீர்கள். பக்கத்தின் முக்கிய பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிகிறதா, தெரிந்தபின் துள்ளாமல் நிற்கிறதா என்பதே உங்களுக்கு வேண்டியது.

கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன ஒன்று என்னை மிகவும் கவலைப்படுத்தியது: தளத்தின் இணையப் பெயர் (டொமைன்) உங்கள் மாமாவின் மகனுடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, வருடாந்தக் கட்டணத்தையும் அவரே கட்டுகிறார். அவருடைய நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் மின்னஞ்சலை மாற்றினாலோ நோயுற்றாலோ தவணை தவறும். சலுகைக் காலமும் கழிந்தபின் அந்தப் பெயரை உலகில் எவரும் வாங்கிக்கொள்ளலாம். பொட்டலங்களில் அச்சிட்டு அனுப்பிய பெயர் அது. ஆகையால் எழுத்தை மாற்றத் தொடங்குவதற்கும் முன்னதாக, இந்த வாரமே அவரோடு கதைத்து, பதிவைச் சங்கத்தின் பெயருக்கும் சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கும் மாற்றுங்கள். கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்கட்டும்.

அது முடிந்ததும், ஒடியல் மா பக்கத்தை மட்டும் முதலில் மாற்றி எனக்கு அனுப்புங்கள். ஔகாரப் பிழைகள் மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். மற்றப் பதினொரு பக்கங்களையும் அதன்பின் தொடங்கலாம்.